எத்தனை விக்ரம்?

2022 ஜூன் 3 அன்று கமல்ஹாசன் நடித்த 'விக்ரம்' வெளியானது. செப்டம்பர் 2 அன்று கொச்சியில் 'ஐ.என்.எஸ். விக்ராந்த்' கடற்படையில் சேர்ந்தது. நவம்பர் 18 காலை பதினொன்றரை மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'விக்ரம்-எஸ்' ராக்கெட் கிளம்பியது. இந்தியாவில் ஒரு தனியார் நிறுவனம் கட்டி ஏவிய முதல் ராக்கெட் அது. அரை வருஷத்துக்குள் ஒரே பேச்சில் மூன்று பெயர்கள் கலந்துவிட்டன.

சூலூர்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதல். தடா, ஆரம்பாக்கம், பழவேற்காடு என்று தமிழக, ஆந்திர எல்லையின் இரண்டு பக்கமும் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்குகிற ஊர்கள். ராக்கெட் விடும் நாள் என்றால் மொட்டைமாடிக்குப் போவது இங்கே கிட்டத்தட்ட ஒரு வழக்கம். முதலில் வெளிச்சம் எழும்பும். சத்தம் ஒரு நிமிஷம் போலக் கழித்துத்தான் ஏரியைத் தாண்டி வந்து ஜன்னல் கம்பியை ஆட்டும். பழவேற்காட்டு மீனவர்களை அன்றைக்குக் கடலுக்குப் போக வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அந்த நவம்பர் காலையில் பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா கேட்டார்: "ஏம்ப்பா, கமல் படம் ஓடுச்சுன்னு ராக்கெட்டுக்கு அந்தப் பேரா?"

"இல்லக்கா. இது வேற விக்ரம்."

"அப்போ கொச்சிக் கப்பல்?"

"அது இன்னும் வேற."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், உனக்கே தெரியவில்லை என்கிற அர்த்தம் இருந்தது. மாடியிலிருந்து மாடிக்குக் கத்திச் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு பெயர் கப்பல், விண்கலம், நிறுவனம், சினிமா என்று பல இடங்களில் தலைகாட்டும்போது, அவை எல்லாவற்றையும் ஒரே சங்கிலியில் கோத்துவிடத் தோன்றும். பெரும்பாலும் அது தப்பு. பெயர் பயணம் செய்யும் பாதைகள் சில உண்டு: ஒரு மனிதரின் நினைவாக வைப்பது, பழைய கப்பலிடமிருந்து புதிய கப்பல் வாங்கிக்கொள்வது, ஒரு பட்டமாகக் கைமாறுவது, கற்பனைக் கதையிலிருந்து நிஜத்துக்கு இறங்குவது. எந்தப் பாதையுமே இல்லாமல், கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காக வைப்பதும் உண்டு. ஒரு பெயரைப் பார்த்ததும் இதை யார் வைத்தார்கள், யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று கேட்டால் போதும், பாதி முடிச்சு அவிழ்ந்துவிடும்.

ராக்கெட் பக்கத்து விக்ரம் ஒரு மனிதர். 1919 ஆகஸ்ட் 12-ல் அகமதாபாத்தில் பிறந்த விக்ரம் சாராபாய். இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிவைத்தவர். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்கிற கடலோரக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்த மகதலேனா மரியாள் தேவாலயத்தை அலுவலகமாக்கி, 1963 நவம்பர் 21-ல் முதல் ஆய்வு ராக்கெட்டை விட்டார்கள். புவிகாந்த நடுக்கோடு அந்த வழியாகப் போகிறது என்பதுதான் அந்த மீனவக் கிராமம் தேர்வானதற்குக் காரணம். பிறகு பெரிய ராக்கெட்டுகளுக்குக் கிழக்குக் கரையில் இடம் தேவைப்பட்டு, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே இருக்கிற ஸ்ரீஹரிகோட்டா தீவு வந்தது. அங்கிருந்து முதல் ராக்கெட் 1971 அக்டோபரில் போனது. அந்த வருஷம் டிசம்பர் 30-ல் சாராபாய் கோவளத்தில், தங்கியிருந்த விடுதி அறையில், தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 52.

அவர் பெயர் பரவத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். தும்பாவில் இருந்த ஆய்வு அமைப்புகளை ஒன்றாக்கி 'விக்ரம் சாராபாய் விண்வெளி மையம்' என்று பெயர் வைத்தார்கள். வி.எஸ்.எஸ்.சி. என்று தினமும் பேப்பரில் படிக்கிறோமே, அதன் முதல் எழுத்தில் இருப்பவர் இவர்தான். 1973-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் நிலவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயரை வைத்தது. அங்கே 'விக்ரம்' கிடையாது, 'சாராபாய்' பள்ளம். குடும்பப் பெயரை எடுப்பது அவர்கள் வழக்கம், கூப்பிடுகிற பெயரை எடுப்பது நம் வழக்கம். அதனால்தான் 2019-ல் சந்திரயான்-2 கொண்டுபோன தரையிறங்கு கலம் 'விக்ரம்' ஆனது. அது அவருடைய நூற்றாண்டு வருஷமும் கூட. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஸ்கைரூட் நிறுவனம் தன் ராக்கெட் வரிசைக்கு விக்ரம் என்று வைத்ததும் அவருக்காகத்தான். மாடியிலிருந்து நாங்கள் பார்த்த விக்ரம்-எஸ்ஸின் மோட்டாருக்கு 'கலாம்-80' என்று பெயர். ஏறத்தாழ 89.5 கிலோமீட்டர் உயரம் போய்க் கடலில் விழுந்தது. சுற்றுப்பாதைக்குப் போவதற்காகச் செய்ததல்ல, ஒரு சோதனை ஓட்டம்.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது வெளியே தெரியாத ஒன்று. சந்திரயான்-3-ஐத் தூக்கிப்போன எல்.வி.எம்-3 ராக்கெட்டின் நடுக்கட்டத்தில் இரண்டு 'விகாஸ்' என்ஜின்கள் இருக்கின்றன. திரவ எரிபொருளில் ஓடுகிற, பல வருஷமாக இஸ்ரோவின் முதுகெலும்பாக இருக்கிற என்ஜின். விகாஸ் என்றால் வளர்ச்சி என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். விக்ரம் அம்பாலால் சாராபாய் என்கிற முழுப்பெயரிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கி வைத்தது என்று விண்வெளித் துறை வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு சரியென்றால், 2023 ஜூலை 14 மதியம் இரண்டு முப்பத்தைந்துக்கு விக்ரமைத் தூக்கிக்கொண்டு போனதும் விக்ரம்தான்.

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2-ன் விக்ரம், நிலவின் தரைக்கு இரண்டு கிலோமீட்டர் சொச்சம் இருக்கும்போது தொடர்பு அறுந்து, வேகமாக மோதி உடைந்தது. அதன் சிதறல் எங்கே கிடக்கிறது என்பதற்கான முதல் தடயத்தைக் கண்டுபிடித்தவர் சென்னையில் வேலை பார்த்த மதுரைக்காரர் சண்முக சுப்பிரமணியன். நாசா வெளியிட்ட படங்களைத் தன் வீட்டுக் கணினியில் பழையது, புதியது என்று பக்கம்பக்கமாக வைத்துத் தேடியிருக்கிறார். நாசா அந்த டிசம்பரில் அவர் பெயரைச் சொல்லியே அறிவித்தது. சரி, அடுத்த கலத்துக்கு என்ன பெயர் வைப்பது? உடைந்துபோன பெயர் ராசியில்லாதது என்று நம் ஊரில் சொல்லியிருப்பார்கள். இஸ்ரோ அதே பெயரை விடாமல் வைத்துக்கொண்டது. 2023 ஆகஸ்ட் 23 மாலை ஆறு மணி நான்கு நிமிஷத்துக்கு நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியதும் விக்ரம்தான். செப்டம்பர் 3 அன்று அதன் என்ஜினை மறுபடி எரியவைத்து, நாற்பது சென்டிமீட்டர் போல எழும்பி, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தும் காட்டியது.

அமெரிக்காவில் இதே கேள்விக்கு நேரெதிராகப் பதில் வந்திருக்கிறது. 1986 ஜனவரி 28-ல் 'சேலஞ்சர்' விண்வெளி ஓடம் கிளம்பி 73 விநாடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் பள்ளி ஆசிரியை. சேலஞ்சர் என்பதே கடலிலிருந்து வந்த பெயர்: 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி ஆழம் பார்த்து, கடலியல் என்கிற துறைக்கே அடித்தளம் போட்ட பிரிட்டிஷ் கப்பலின் பெயர். பசிபிக்கின் மரியானா அகழியில் உலகின் மிக ஆழமான இடத்துக்கு இன்றும் 'சேலஞ்சர் ஆழம்' என்றுதான் பெயர். 1972-ல் அப்போலோ-17 நிலவில் இறக்கிய கலமும் ஒரு சேலஞ்சர்தான். அது இறங்கியது நிலவின் செரினிட்டி சமவெளியின் ஓரத்தில். சாராபாய் பள்ளம் இருப்பதும் அதே செரினிட்டி சமவெளிக்குள்தான். வைத்தவர்கள் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியாத, அழகான அக்கம்பக்கம்.

சேலஞ்சருக்கு மாற்றாக ஒரு ஓடம் கட்டியபோது அந்தப் பெயரை மறுபடி வைக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்தார்கள். நிபந்தனை ஒன்று: ஆய்வுக்காகக் கடல் போன ஏதாவது ஒரு கப்பலின் பெயராக இருக்க வேண்டும். வென்றது 'எண்டெவர்'. 1768-ல் கேப்டன் குக், வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதைத் தாஹிட்டித் தீவிலிருந்து பார்க்கக் கிளம்பிப்போன கப்பல். அது பிறந்தபோது வேறு பெயரில் நிலக்கரி ஏற்றிக்கொண்டிருந்த சரக்குக் கப்பல் என்பது பலருக்குத் தெரியாது. பெயர் மாறியதும் ஜாதகமே மாறிவிட்டது. 1971-ல் அப்போலோ-15-ன் தாய்க்கலத்துக்கும் இதே பெயர்தான். குக்கின் கப்பலிலிருந்து ஒரு சின்ன மரத்துண்டையும் அதில் நிலவு வரை கொண்டுபோய்த் திரும்பினார்கள். 2020-ல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் கலத்தில் முதன்முதலாகப் போன இரண்டு விண்வெளி வீரர்கள், தங்கள் கலத்துக்கு எண்டெவர் என்றே வைத்தார்கள். இரண்டு பேருக்குமே முதல் விண்பயணம் எண்டெவர் ஓடத்தில் நடந்தது, அதனால்.

மனிதர்கள் இறந்த கலத்தின் பெயரை மறுபடி எடுக்காததும், ஆளில்லாத கலம் உடைந்தால் அதே பெயரை மறுபடி வைப்பதும் இரண்டுமே எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. கொலம்பியா ஓடம் 2003 பிப்ரவரி 1-ல் எரிந்து கல்பனா சாவ்லா இறந்தபோது இந்தியா செய்தது இன்னொரு வகை. நான்கைந்து மாதத்துக்கு முன் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போயிருந்த மெட்சாட் என்கிற வானிலைச் செயற்கைக்கோளுக்கு 'கல்பனா-1' என்று பெயரை மாற்றினார்கள். மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே பெயர் சூட்டு விழா.

இப்போது கொச்சிக்கு வருவோம். விக்ராந்த் எந்த மனிதரின் பெயரும் இல்லை. அது கப்பலிலிருந்து கப்பலுக்கு வந்த பெயர். முதல் விக்ராந்த், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டன் 'ஹெர்குலிஸ்' என்ற பெயரில் கட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திய விமானந்தாங்கிக் கப்பல். இந்தியா 1957-ல் வாங்கி, முடித்து, 1961 மார்ச் 4-ல் கடற்படையில் சேர்த்தது. 1997-ல் ஓய்வு. கொஞ்ச காலம் மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாக நின்றது. 2014-ல் உடைக்கக் கொண்டுபோனார்கள். அந்த இரும்பில் கொஞ்சத்தை பஜாஜ் நிறுவனம் வாங்கி, 2016-ல் 'வி' என்கிற மோட்டார் சைக்கிளில் சேர்த்து விற்றது. பெயரின் முதல் எழுத்து மட்டும் பெட்ரோல் டேங்கில் போய் ஒட்டிக்கொண்டது.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற மாதிரிதான் கடற்படைகள் செய்கின்றன. ஓய்வுபெற்ற கப்பலின் பெயர் கிடங்கில் காத்திருக்கும், தகுதியான புதுக் கப்பல் வந்ததும் அதற்குப் போகும். 2022-ல் கொச்சி கப்பல் கட்டும் தளத்திலிருந்து வந்த, இந்தியாவிலேயே கட்டிய முதல் விமானந்தாங்கிக் கப்பலுக்கு, பெயரோடு பக்கவாட்டு எண்ணும் சேர்ந்து வந்தது. ஆர்-11. பழைய கப்பலுக்கும் அதே எண்தான். கடலோரக் காவல்படையிலும் இந்தப் பழக்கம் உண்டு. 1983-ல் சேர்ந்த 'விக்ரம்' ரோந்துக் கப்பல் போன பிறகு, 2018-ல் எல் அண்ட் டி கட்டிய இன்னொரு ரோந்துக் கப்பல் அதே பெயரில் வந்தது. அந்த நிறுவனத்தின் காட்டுப்பள்ளித் தளம் பழவேற்காட்டுக்குத் தெற்கே கூப்பிடு தூரம். ஏரிக்கு வடக்கே ஒரு விக்ரம் மேலே போனது, தெற்கே இன்னொரு விக்ரம் தண்ணீரில் இறங்கியது. இரண்டுக்கும் உறவு கிடையாது. முதலாவது சாராபாய், இரண்டாவது முந்தைய கப்பல்.

விக்ராந்த் என்கிற பெயரே ஆயுதமான கதை ஒன்றும் உண்டு. 1971 போரில் பாகிஸ்தானின் 'காஸி' நீர்மூழ்கி, விக்ராந்தை மூழ்கடிக்கவென்றே வங்கக் கடலுக்கு வந்தது. விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, 'ராஜ்புத்' என்கிற பழைய கப்பலை விசாகப்பட்டினத்துக்கு வெளியே உலவவிட்டார்கள். அது விக்ராந்த் போலவே வயர்லெஸ்ஸில் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தது. காஸி பெயரை நம்பி வந்தது. டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கு வெளியே மூழ்கிப்போனது. ராஜ்புத் வீசிய குண்டுகளால் என்று இந்தியா சொல்கிறது, உள்ளே நடந்த வெடிப்பால் என்று பாகிஸ்தான் சொல்கிறது. நிஜ விக்ராந்திலிருந்து கிளம்பிய விமானங்கள் அடுத்த நாளே காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கத் தொடங்கின.

அதே மாதம், அதே வங்கக் கடலுக்குள் அமெரிக்கா தன் கப்பலை அனுப்பி மிரட்டியது. அதன் பெயர் 'எண்டர்பிரைஸ்'. உலகின் முதல் அணுசக்தி விமானந்தாங்கி. எண்டர்பிரைஸ் என்ற பெயர் அமெரிக்கக் கடற்படையில் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து கைமாறிக்கொண்டே வருகிறது. 1966-ல் 'ஸ்டார் ட்ரெக்' என்கிற தொலைக்காட்சித் தொடரில் வரும் கற்பனை விண்கலத்துக்கு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். பத்து வருஷம் கழித்து நாசா தன் முதல் ஓடத்துக்கு 'கான்ஸ்டிட்யூஷன்' என்று வைக்கப்போனபோது, அந்தத் தொடரின் ரசிகர்கள் வெள்ளை மாளிகைக்குக் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். 1976-ல் எண்டர்பிரைஸ் என்று பெயர் மாறி ஓடம் வெளியே வந்தது. விழாவுக்குத் தொடரின் நடிகர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த ஓடம் விண்வெளிக்குப் போகவே இல்லை. வளிமண்டலத்துக்குள் இறங்கிப் பழகுவதற்காகச் செய்தது. கடலிலிருந்து கற்பனைக்கு, கற்பனையிலிருந்து நிஜத்துக்கு என்று ஒரு பெயர் சுற்றி வந்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

நம் 'விக்ரம்' சினிமாவில் அந்தச் சுற்று நடக்கவில்லை. 1986-ல் கமல் நடித்த முதல் 'விக்ரம்' படத்தில் கடத்தப்பட்ட ஏவுகணையை மீட்கப் போகிற உளவாளியின் பெயர் அது. ராக்கெட்டும் விக்ரமும் ஒரே படத்தில் இருந்தும், சாராபாயோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. கதாநாயகனுக்குக் கம்பீரமாக ஒரு பெயர், அவ்வளவுதான். 2022 படம் அந்தப் பழைய படத்தின் பெயரையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டது. வட இந்தியப் பக்கம் போனால் ஷேர் ஆட்டோவுக்கே விக்ரம் என்றுதான் சொல்வார்கள், லக்னோவில் இருந்த அரசு நிறுவனம் தயாரித்த மூன்று சக்கர வண்டியின் பிராண்டுப் பெயர். இதற்கெல்லாம் வம்சாவளி தேடினால் நேரம்தான் வீண்.

பட்டமாகக் கைமாறிய கதைக்கு விக்கிரமாதித்தன்தான் சரியான ஆள். வேதாளத்தைத் தோளில் சுமந்த உஜ்ஜயினி ராஜா கதையில் வருபவர். ஆனால் அந்தப் பெயரைச் சூடிக்கொண்ட நிஜ ராஜாக்கள் வரிசையாக இருக்கிறார்கள். குப்தர்களில் இரண்டாம் சந்திரகுப்தன் அதைப் பட்டமாக வைத்திருந்தான். சாளுக்கியர்களில் பல விக்கிரமாதித்தர்கள். அதில் இரண்டாமவன் காஞ்சியைப் பிடித்து, கொள்ளையடிக்காமல், கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்து, அங்கேயே கன்னடத்தில் கல்வெட்டும் வெட்டிவிட்டுப் போனவன். இன்றும் போய்ப் பார்க்கலாம். ரஷ்யாவிடம் வாங்கி 2013-ல் கடற்படையில் சேர்த்த விமானந்தாங்கிக்கு இந்தியா விக்ரமாதித்யா என்று வைத்தது. அந்தக் கப்பல் முதலில் 'பாகு', பிறகு 'அட்மிரல் கோர்ஷ்கோவ்'. மூன்றாவது பெயரில்தான் நம்மிடம் வந்து சேர்ந்தது. நம் ஆந்திர எல்லைக்கும் ஒரு பங்கு உண்டு: 1118-ல் பட்டமேறிய விக்கிரம சோழன், அதற்கு முன் வேங்கி நாட்டை, அதாவது கோதாவரி, கிருஷ்ணை பக்கத்தை, சோழர்களின் சார்பில் ஆண்டவன்.

பஞ்சாங்கத்தையும் விட்டுவிடக் கூடாது. அறுபது தமிழ் வருஷங்களில் பதினான்காவது விக்கிரம. 2000 சித்திரையில் பிறந்தது. இனி அடுத்தது 2060-ல்.

பழகிப்பார்க்க இன்னொரு பெயர் வேண்டுமென்றால் கருடனை எடுத்துக்கொள்ளுங்கள். கொச்சியில் 1953 முதல் இருக்கிற கடற்படை விமானத் தளம் ஐ.என்.எஸ். கருடா. இந்தோனேசியாவின் அரசு விமான நிறுவனம் கருடா. தாய்லாந்து அரசு முத்திரையில் இருப்பதும் கருடன். நம் விமானப்படையின் அதிரடிப் படைக்குப் பெயர் கருட். இந்த நான்கில் எது எதனிடமிருந்து வாங்கியது, எவை தனித்தனியாக ஒரே புராணத்திலிருந்து எடுத்துக்கொண்டவை என்று பிரித்துப் பாருங்கள். இந்தோனேசியாவிலிருந்து ஆரம்பிப்பது நல்லது, அங்கே கருடன் நாட்டின் சின்னத்திலேயே இருக்கிறான்.